கோரைப்பாயும் கைப்பேசித் திரையும்

நுழையும்முன்

ஆற்றங்கரையில் விளையும் கோரை, கைத்திறனால் பாயாகிறது. அந்தப் பாய் வாங்குவோரைச் சென்று சேரும் வழிமட்டும் தலைமுறைதோறும் மாறிவந்திருக்கிறது. தாமிரபரணிக் கரையின் சிறுதொழில் முனைவோர் இன்று கைப்பேசியிலும் கடை விரிக்கின்றனர். அதற்குத் துணைபுரியும் இணையக் கருவிகள் எவை, யாருக்கு எது பொருந்தும், எங்கே விழிப்பு வேண்டும் என்பவற்றைப் பத்தமடைப் பாயை முன்னிறுத்தி இப்பாடம் பேசுகிறது.

பெயர் கீறிய பானை

தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் கொற்கை என்னும் துறைமுகம் இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழிக் குறிப்பு, அங்கு நடைபெற்ற முத்துக்குளிப்பைச் சொல்கிறது. தமிழ்நாட்டு வணிகத்தின் சுவடுகள் எகிப்தின் செங்கடற்கரையிலும் கிடைத்துள்ளன. குசைர் அல்-கதிம் என்னும் பழந்துறையில் அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. அயல்நாட்டுத் துறையில் கிடக்கும் ஒரு பானை யாருடையது என்பதை அறிய அந்தக் கீறல் உதவியிருக்க வேண்டும். ‘இது யாருடையது? எங்கிருந்து வந்தது?’ என்னும் வினாக்களைப் பொருள் வாங்குவோர் இன்றும் கேட்கின்றனர். விடை சொல்லும் இடம் மாறிவிட்டது, அவ்வளவே.

பத்தமடையின் நெசவு

சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள பத்தமடையில் இசுலாமியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்துவருகின்றன. நெய்வோருள் பெரும்பாலோர் பெண்கள். நீர்நிலைகளின் கரையில் விளையும் கோரையை அறுத்துக் காயவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, ஓடும் நீரில் சில நாள்கள் ஊறவைத்து, மீண்டும் காயவைக்கின்றனர். பிறகு தரையோடு அமைந்த தறியில் பருத்தி நூலைப் பாவாகவும் கோரையை ஊடையாகவும் கொண்டு நெய்கின்றனர். நெசவின் நெருக்கத்தை எண்ணால் குறிப்பது வழக்கம். 100 முதல் 140 வரையிலான எண்ணுடைய பாய்கள் மிக நேர்த்தியானவை. துணிபோல மடித்து வைக்கத் தக்கவை. மணமக்களின் பெயரை நெய்து தரும் திருமணப் பாயும் இவ்வூரின் சிறப்பாகும்.

நேர்த்தியான பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் உழைக்க வேண்டும். விசைத்தறியில் நெய்யப்படும் முரட்டுப் பாயோ சில மணி நேரத்தில் கிடைத்துவிடும். நெகிழிப் பாய்க்கு அதுவும் தேவையில்லை. கைப்பேசித் திரையில் மூன்றும் ஒரே அளவுப் படங்களாகத்தான் தெரிகின்றன. தொட்டுப் பார்க்க வழியில்லாத அந்த இடத்தில், விலை ஒன்றே கண்ணில் படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு, இணையச் சந்தை ஒன்றில் பத்தமடைப் பாய் என்னும் பெயரை நம்பி யானும் ஒன்று வாங்கினேன். வந்து சேர்ந்ததில் ஓர் இழை கோரைகூட இல்லை. எனக்கு நேர்ந்தது சிறிய இழப்பு. அந்தப் பெயருக்கு உரியவர்களோ விற்றிருக்க வேண்டிய ஒரு பாயையும் இழந்தனர். தம் ஊர்ப்பெயரின்மீது இருந்த நம்பிக்கையையும் இழந்தனர்.

இத்தகைய பெயர்களைக் காப்பதற்காகவே புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2003இல் நடைமுறைக்கு வந்தது. இதற்கான பதிவகம் சென்னையில் உள்ளது. பத்தமடைப் பாய் இக்குறியீட்டைப் பெற்றுள்ளது. ஆயினும், ஊருக்குக் குறியீடு கிடைத்தவுடன் நெய்பவர் ஒவ்வொருவருக்கும் உரிமைச்சான்று தானாக வந்துவிடுவதில்லை. ‘அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்’ எனத் தனித்தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். அச்சான்றின் படத்தைத் தம் இணையப் பக்கத்தில் முதலில் வைப்பவர், ‘இது யாருடையது?’ என்னும் வினாவுக்கு உறுதியான விடையைத் தந்துவிடுகிறார்.

கடையும் வரைபடமும்

பத்தமடையில் வீட்டிலிருந்தே பாய் நெய்யும் பெண் ஒருவர், இடைத்தரகரின்றி நேரடியாக விற்க விரும்புகிறார் என்று கொள்வோம். அவர் எங்கே தொடங்குவது?

புலனம் என்று நாம் வழங்கும் வாட்ஸ்அப்பில், வணிகர்களுக்கென்று ‘வாட்ஸ்அப் பிசினஸ்’ என்னும் தனிச்செயலி 2018இல் வந்தது. இதற்குக் கட்டணம் இல்லை. விற்பனைப் பொருள்களின் படம், அளவு, விலை ஆகியவற்றை அடுக்கிவைக்கும் பட்டியல் வசதி இதில் உண்டு. ‘புதிய ஆணை’, ‘பணம் வரவேண்டியது’, ‘அனுப்பியாயிற்று’ என உரையாடல்களுக்குச் சீட்டு ஒட்டிப் பிரித்துவைக்கலாம். தறியில் அமர்ந்திருக்கும்போது வரும் செய்திகளுக்கு, ‘மாலையில் விடையளிக்கிறேன்’ என்னும் பதிலைச் செயலியே அனுப்பிவிடும். இவ்வசதியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இழை எண்ணி நெய்பவர் ஒவ்வொரு மணியோசைக்கும் எழுந்தால் நெசவு என்னாகும்?

அடுத்தது கூகுள் வரைபடத்தில் இடம்பெறுவது. 2014இல் ‘கூகுள் மை பிசினஸ்’ என்று அறிமுகமான இச்சேவை, 2021 முதல் ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ எனப்படுகிறது. தொழிலின் பெயர், தொடர்பு எண், வேலைநேரம், படங்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்து, உரிமையாளர் தாமே என்று மெய்ப்பிக்க வேண்டும். தாமிரபரணியைக் காணவும் நெல்லையப்பர் கோயிலுக்கும் வருவோர், ‘அருகில் பாய் எங்குக் கிடைக்கும்?’ என்று தேடும்போது இப்பதிவு கண்ணில் படும். வீட்டு முகவரியை ஊரறியச் செய்யத் தயங்குவோர், அதை மறைத்துவிட்டுத் தாம் பொருள் கொண்டுசென்று தரும் பகுதியைமட்டும் குறிப்பிடலாம்.

இங்கு எழுத்துக்கூட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தமடை என்பதை ஆங்கிலத்தில் எழுதுவோருள் சிலர் இரண்டு ‘டி’ இடுகின்றனர். சிலர் ‘டி’யோடு ‘எச்’ சேர்க்கின்றனர். வாங்குபவர் எப்படி எழுதித் தேடுவார் என்று நமக்குத் தெரியாது. ஆகவே, தமிழ்ப் பெயரையும் ஆங்கிலக் கூட்டல்கள் இரண்டையும் விளக்கத்தில் சேர்ப்பது நல்லது. ‘திருமணப் பாய்’, ‘கல்யாணப் பாய்’, ‘கோரைப்பாய்’ எனப் பேச்சில் வழங்கும் சொற்களும் இடம்பெற வேண்டும். வாங்குபவர் நாவில் புழங்கும் சொல்லே தேடலுக்குத் திறவுகோலாகும்.

பன்னிரண்டு பேர்

படவரி எனப்படும் இன்ஸ்டாகிராமும் வலையொளி எனப்படும் யூடியூபும் காட்சிக்கு உரியவை. கோரையைக் கிழிப்பதையும், ஊறவைப்பதையும், பாவுக்குள் ஓர் இழை நுழைந்து நெருக்கப்படுவதையும் அரை நிமிடப் படமாக எடுத்து வெளியிடலாம். நெகிழிப் பாய் விற்பவர் எதை வேண்டுமானாலும் பாய்க்குப் பெயராகச் சூட்டலாம். இக்காட்சியை அவரால் காட்ட இயலாது. விளம்பர அட்டை அமைக்க, 2013இல் தொடங்கப்பட்ட கேன்வா போன்ற செயலிகள் உள்ளன. தமிழ் எழுத்துருக்களும் அவற்றில் கிடைக்கின்றன. ஆனால், அளவுக்கு மீறி அழகுபடுத்திய படத்தில் கோரையின் இயல்பான நிறம் மறைந்துவிடும். சன்னல் ஒளியில் எடுத்த தெளிவான படமே போதும். பாயின் ஒரு மூலையை மடித்துக்காட்டி, அருகே ஓர் அளவுகோலை வைத்துவிட்டால் பத்து வரி விளக்கம் மிச்சமாகும்.

சமூக ஊடகம் கற்பிப்போர் பலரும், ‘பின்தொடர்வோரைப் பெருக்குங்கள்’ என்றே கூறுகின்றனர். இவ்வறிவுரை எல்லாத் தொழிலுக்கும் பொருந்துமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நேர்த்தியான பாய் ஒன்றுக்கு ஒரு மாதம் ஆகிறது என்று கொண்டால், ஒருவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு பாய் நெய்யலாம். அவருக்கு வேண்டியவர்கள் பன்னிரண்டு பேர். அவருடைய காணொளியை ஓர் இலட்சம் பேர் பார்த்து, அவர்களுள் ஆயிரம் பேர் விலை கேட்டால் என்ன ஆகும்? 988 பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். விடை சொல்லவே பொழுது போதாது. ஆணை பெற்றுவிட்டு உரிய நாளில் தர இயலாமற்போனால், வரைபடப் பக்கத்தில் குறைகூறும் மதிப்புரைகள் குவியும். அவற்றை நெய்தவர் நினைத்தாலும் நீக்க இயலாது.

எனவே, கைவினைஞர் பார்க்க வேண்டிய அளவை வேறு. படவரியின் தொழில்முறைக் கணக்கில், ஒரு படத்தை எத்தனை பேர் சேமித்தனர், எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினர் என்னும் விவரம் கிடைக்கும். விருப்பக்குறி இடுபவர் கடந்துபோகிறார். சேமித்து வைப்பவர் வாங்க எண்ணுகிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அத்தகையோருக்குக் காலத்தோடு செய்தி போய்ச்சேர வேண்டும். தைமாதத் திருமணத்துக்குரிய பாயை மார்கழியில் கேட்டால் நெய்து தர முடியாது. ஐப்பசியிலேயே ஆணை வர வேண்டும். எந்தப் பருவத்தில் எந்தச் சொல் மிகுதியாகத் தேடப்படுகிறது என்பதைக் கட்டணமின்றிக் காட்டும் ‘கூகுள் டிரெண்ட்ஸ்’ இதற்கு ஓரளவு உதவும். மிகக் குறைவாகத் தேடப்படும் சொற்களுக்கு அதில் விவரம் கிடைக்காது. அந்நிலையில், பஞ்சாங்கத்தில் முகூர்த்த நாள்களைப் பார்ப்பதே சிறந்த கருவி!

அல்வாவின் கணக்கு வேறு. நாள்தோறும் கிண்டி நாள்தோறும் விற்கும் பொருளுக்குப் பரந்த கூட்டம் தேவை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலையில் மட்டும் திறக்கும் இருட்டுக்கடையைத் தேடித் தாமே வருவோர் பலர் உள்ளனர். அப்புகழ் எல்லாக் கடைக்கும் வாய்ப்பதில்லை. புதிதாக அல்வாவோ கல்லிடைக்குறிச்சி அப்பளமோ விற்கத் தொடங்குபவர் படவரியிலும் முகநூலிலும் ஓயாது தோன்றத்தான் வேண்டும். உணவுப்பொருள் விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவெண்ணைப் பொட்டலத்தில் அச்சிடுவதும் கட்டாயம்.

பணமும் பாதுகாப்பும்

2016இல் அறிமுகமான யுபிஐ முறையால், முன்பின் அறியாதவரிடமிருந்தும் பணம் உடனே வந்துசேர்கிறது. ஏமாற்றுவோரும் அவ்வழியிலேயே வருகின்றனர். ‘முன்பணம் அனுப்பியிருக்கிறேன்; பெற்றுக்கொள்ள உங்கள் இரகசிய எண்ணை இடுங்கள்’ என்று ஒருவர் சொன்னால், அது ஏமாற்று என்று அக்கணமே தெளிய வேண்டும். பணம் அனுப்புவதற்குத்தான் இரகசிய எண் தேவை, பெறுவதற்குத் தேவையில்லை. பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நேரம் கடக்கக் கடக்க மீட்கும் வாய்ப்பு குறையும். 2020இல் தொடங்கிய ‘உத்யம்’ பதிவு, சிறுதொழில்களுக்கு அரசு வழங்கும் அடையாளமாகும். அரசின் தளத்தில் அதற்குக் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசின் தளமன்று.

படத்திருட்டு மற்றொரு தொல்லை. நாம் எடுத்த பாயின் படத்தை வேறொருவர் தம் சரக்காகக் காட்டி விற்பதுண்டு. ‘கூகுள் லென்ஸ்’ கருவியில் அப்படத்தை இட்டுத் தேடினால், அது வேறெங்கெல்லாம் இடம்பெற்றுள்ளது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தந்தத் தளத்திலேயே முறையிட்டு நீக்கச் செய்யலாம்.

இறுதியாக ஒன்று. நெய்பவர் தாயாக இருக்கிறார்; கைப்பேசி மகனிடம் இருக்கிறது. மகனின் எண்ணிலேயே வணிகக் கணக்கு தொடங்கப்படுகிறது. வேலை கிடைத்து அவர் சென்னைக்குச் சென்றதும் கணக்கும் உடன் போய்விடுகிறது. வாடிக்கையாளரின் எண்கள், பழைய ஆணைகள், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மதிப்புரைகள் ஆகியவற்றுள் எதுவும் நெய்தவர் கையில் மிஞ்சுவதில்லை. தொழிலுக்கென்று தனி எண், நெய்பவரின் பெயரிலேயே கணக்கு, ஈரடுக்குச் சரிபார்ப்பு, மறவாமல் எழுதிவைத்த கடவுச்சொல் ஆகியன தொடக்கத்திலேயே அமைய வேண்டும். வாங்கியோர் பெயரும் முகவரியும் கொண்ட கோடுபோட்ட குறிப்பேடு ஒன்றும் தறியருகே இருக்கட்டும். செயலி முடங்கிய நாளிலும் அது திறக்கும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் கைத்தொழில் செய்யும் ஒருவரைச் சந்தியுங்கள். அவரால் மாதத்துக்கு எத்தனை பொருள்கள் செய்ய இயலும் என்று கேட்டறிந்து, அவருக்கு ஏற்ற இணையக் கருவி ஒன்றைக் காரணத்துடன் பரிந்துரைத்து ஒரு பக்க அளவில் எழுதுக.

பத்தமடைத் திருமணப் பாய்க்கு ஐம்பது சொற்களுக்கு மிகாமல் விற்பனை விளக்கம் ஒன்றைத் தமிழில் எழுதுக. ‘மிகச் சிறந்த’, ‘தனித்துவமான’ ஆகிய சொற்களைத் தவிர்க்க.