ரத்தம் வராத காயத்துக்குத்தான் பயப்படணும்!

"டேய், அடுப்புல பால் பொங்குது. காபிப் பொடி தீர்ந்து போச்சு. சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓடிப்போய் நூறு கிராம் வாங்கிட்டு வா!"

எந்த வீட்டில் இந்தக் குரல் கேட்காது? போகிற தூரம் என்னவோ நாலு தெருதான். ஆனால் அவசரமாகப் போய்த் திரும்புகிற அந்த நாலு தெருவில்தான் முட்டி பெயர்வதும், செயினில் விரல் மாட்டுவதும், ஹேண்டில் பார் வயிற்றில் குத்துவதும் நடக்கிறது. பையன் முட்டியில் ரத்தத்தோடு வந்து நிற்பான். அவன் வாங்கி வந்த காபிப் பொடியையே பிரித்துக் காயத்தில் அப்பிவிடுவார்கள்!

நான் சித்த மருத்துவன். "ஏதாவது கை வைத்தியம் சொல்லுங்க டாக்டர்" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம். கீழே விழுந்தவரின் காயத்தை நாம் ரத்தத்தை வைத்து எடை போடுகிறோம். ரத்தத்தைப் பார்த்தால் அலறுகிறோம். ரத்தம் இல்லையென்றால், "ஒண்ணுமில்லடா, போய் விளையாடு" என்கிறோம். உண்மையில் சாதாரண சிராய்ப்புக்குப் பாதி வைத்தியம் குழாய்த் தண்ணீரிலேயே முடிந்துவிடும். வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூட வராமல் உள்ளே படுகிற அடிதான் ஆளை ஏமாற்றும். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

ரத்தம் வரும் காயம்: முதல் மருந்து தண்ணீர்

சித்த மருத்துவத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து 32 வகை, வெளியே உபயோகிக்கும் மருந்து 32 வகை என்று வகுத்திருக்கிறார்கள். கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, களிம்பு என்று போகிற அந்தப் புற மருந்து வரிசையில் 'நீர்' என்பதும் ஒன்று. புண்ணைக் கழுவுவதும் வைத்தியம்தான் என்று அன்றைக்கே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

* முதலில் உங்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

* ரத்தம் நிற்காமல் வந்தால், சுத்தமான துணியை மடித்து வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். "நின்னுடுச்சா?" என்று நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்க்காதீர்கள். பீறிட்டு அடித்தாலோ, அழுத்தியும் நிற்காவிட்டாலோ அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* சாதாரண சிராய்ப்பு என்றால், குடிக்கத் தகுந்த சுத்தமான தண்ணீரை 5 முதல் 10 நிமிடம் காயத்தின் மேல் ஓட விடுங்கள். சுற்றியுள்ள தோலுக்கு மட்டும் சோப்பு போதும்.

* மண், ஜல்லித் துகள் ஒட்டியிருந்தால் ஈரமான சுத்தத் துணியால் மெதுவாகத் துடைத்து எடுங்கள். பிள்ளை கத்துகிறானே என்று அப்படியே விட்டால் சீழ் பிடிக்கலாம். தார் ரோட்டுத் துகள் தோலுக்கு அடியில் தங்கி, பச்சை குத்தியதுபோல் நிரந்தரமாக நிற்கும். எடுக்க வராததை டாக்டர் எடுக்கட்டும்.

* செயின் கிரீஸ் ஒட்டியிருந்தால், காயத்தைச் சுற்றியுள்ள தோலில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

* பிறகு ஒட்டாத வகை காஸ் துணி வைத்துக் கட்டுங்கள். "காத்தாட விட்டாத்தான் ஆறும்" என்பது பழைய நம்பிக்கை. 1962-ல் ஜார்ஜ் வின்ட்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சோதித்துப் பார்த்தார். மூடி, ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் புதுத் தோல் சீக்கிரமாக மூடியது. காய்ந்து பொருக்குத் தட்டிய காயம் தாமதமாகத்தான் ஆறியது. கட்டைத் தினம் ஒருதரமும், நனைந்தால் உடனேயும் மாற்றுங்கள்.

செயினில் விரல் மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். பெடலைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றி விடுவியுங்கள். விரல் நுனி துண்டாகிவிட்டால், அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துப் போங்கள். துண்டான பகுதி ஐஸில் நேராகப் படக் கூடாது.

அடுக்களைப் பொருள் அடுக்களையிலேயே இருக்கட்டும்

காபிப் பொடி, மூக்குப் பொடி, சாம்பல், சுண்ணாம்பு... காயத்தில் வைக்கிற இந்தப் பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். ரத்தம் நின்றதுபோல் தெரியும், அவ்வளவுதான். பொடி காயத்துக்குள் ஒட்டிக்கொண்டு கிருமிக்கு வீடு கட்டிக் கொடுக்கும். சுண்ணாம்பு சதையையே வேக வைத்துவிடும்.

"மஞ்சள்கூடவா டாக்டர்?" என்று கேட்பீர்கள். மஞ்சளின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் கடையில் வாங்கி, ஈரக்கை பட்ட டப்பாவில் கிடக்கும் சாம்பார் மஞ்சள் தூள் திறந்த காயத்துக்கான மருந்து கிடையாது. வெட்டுக்காயப் பூண்டும் அப்படித்தான். நல்ல மூலிகை, ஆனால் நாயும் மாடும் நடமாடும் ரோட்டோரத்தில் பறித்து, கிரீஸ் கையால் கசக்கிப் பிழிவது வைத்தியம் ஆகாது. முறைப்படி சுத்தி செய்து தயாரித்த மருந்து வேறு, கண்ணில் பட்டதைக் கசக்கி விடுவது வேறு.

ஊசி எப்போது?

"துருப்பிடிச்ச கம்பி கிழிச்சுது, அதான் ஊசி" என்பார்கள். ரண ஜன்னி துருவால் வருவதில்லை. அந்தக் கிருமியின் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண் பட்ட காயம் எதுவானாலும் ஆபத்து உண்டு. வாய்ப்பூட்டு விழுந்து உடம்பு வில்லாக வளைந்த பிறகு காப்பாற்றுவது கஷ்டம்.

அதற்காக, "ஆறு மாசமாச்சு, போட்டுக்கணும்" என்று சின்னக் கீறலுக்கெல்லாம் ஓடவும் வேண்டாம். தேசியத் தடுப்பூசித் திட்டப்படி குழந்தைப் பருவ ஊசிகளுக்குப் பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் இந்த ஊசி உண்டு. ஊசிகளை முழுசாகப் போட்டவருக்கு, சுத்தமான சின்னக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 10 வருஷம் ஆகியிருந்தால்தான் மறுபடி தேவை. மண், சாணம் பட்ட காயமோ ஆழமான காயமோ என்றால் 5 வருஷக் கணக்கு. எப்போது போட்டோம் என்றே ஞாபகம் இல்லாத பெரியவர்கள், டாக்டரிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.

ரத்தம் வராத நாலு காயங்கள்

1. வயிற்றில் ஹேண்டில் பார்: சைக்கிள் சாயும்போது ஹேண்டில் பாரின் நுனி பையனின் வயிற்றில் குத்தும். வெளியே எட்டணா அளவில் வட்டமாகச் சிவந்திருக்கும். சிலருக்கு அதுவும் இருக்காது. ஆனால் முதுகெலும்புக்கும் அந்த இரும்புக் குழாய்க்கும் நடுவில் கணையமும் சிறுகுடலும் நசுங்கியிருக்கலாம். கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். வலி சில மணி நேரம் கழித்தோ, ஒன்றிரண்டு நாள் கழித்தோகூடத் தலை காட்டும். வயிற்று வலி, வாந்தி, முகம் வெளுப்பு, தோள்பட்டை வலி, நிமிர முடியாமல் குனிந்தே நடப்பது இதில் எது இருந்தாலும் கஷாயம், ஓம வாட்டர் என்று எதுவும் உள்ளே கொடுக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். "சைக்கிள் ஹேண்டில் பார் குத்தியது" என்று மறக்காமல் சொல்லுங்கள். பிள்ளை திட்டுக்குப் பயந்து விழுந்ததையே மறைத்திருப்பான். ஆகவே, முதலில் திட்டாதீர்கள்!

2. கை ஊன்றி விழுந்தவர்: விழும்போது கையை ஊன்றுவது இயல்பு. மணிக்கட்டு வீங்கினால், "சுளுக்கு, உருவிவிட்டா சரியாயிடும்" என்று கிளம்பிவிடுவார்கள். எக்ஸ்ரே எடுக்காமல் உருவ வேண்டாம். கட்டை விரலின் அடிப்பக்கம் உள்ள குழியில் அழுத்தினால் வலி என்றால், அங்கே உள்ள சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். 10 முதல் 14 நாளில் மறுபடி பார்க்க வேண்டும். குழந்தையின் முழங்கையை உருவுவது இன்னும் ஆபத்து. அடிபட்ட தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை மடங்காமல் போன பிள்ளைகள் உண்டு. யார் போட்ட கட்டாக இருந்தாலும், விரல் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே கட்டைத் தளர்த்தி டாக்டரிடம் ஓடுங்கள். மறுநாள் காலை வரை காத்திருந்தால் கையே போய்விடலாம்.

3. சக்கரத்தில் குதிகால்: பின் கேரியரில் உட்கார்ந்த குழந்தையின் கால் ஸ்போக்ஸில் மாட்டும். காலை இழுக்காதீர்கள். சக்கரத்தைப் பின்பக்கம் சுற்றுங்கள். வரவில்லையென்றால் கம்பியை வெட்டுங்கள். சைக்கிளைவிடக் கால் பெரிசு. முதலில் குதிகால் லேசாகக் கன்றியதுபோல்தான் இருக்கும். நசுங்கிய தோல் சில நாள் கழித்துக் கறுத்து உரிந்து வரும். அதனால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

4. தலையில் அடி: ஒரு நிமிஷம் நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறல், வலிப்பு, காது மூக்கில் தண்ணீர்போல் ஒழுகுவது இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் 48 மணி நேரம் ஒரு கண் வைத்திருங்கள். முதல் ராத்திரி இரண்டு மூன்று தரம் எழுப்பி, பெயர் கேட்டுப் பாருங்கள்.

ரோட்டில் விபத்து என்றால் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்.

கார் மக்கர் பண்ணினால்...

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குக் கிளம்புவோம். பாதி வழியில் பானட்டிலிருந்து புகை வரும். குடும்பத் தலைவர் வீரமாக இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திருகுவார். உள்ளே தண்ணீர் அழுத்தத்தோடு கொதித்துக்கொண்டிருக்கும். திறந்த மாத்திரத்தில் முகத்தில் அடிக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு அரைமணி நேரமாவது காத்திருங்கள். நன்றாக ஆறும் வரை அந்த மூடியைத் தொடவே கூடாது.

வெந்நீர் பட்டாலும், பைக் சைலென்ஸர் சுட்டாலும் வைத்தியம் ஒன்றுதான். 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். இட்லி மாவு, பேனா மை, பற்பசை, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கை, மூட்டு வெந்திருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். கண்ணில் தெறித்தால் அங்கேயே 20 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் ஆஸ்பத்திரிப் பயணம்.

பெட்ரோல் தீர்ந்து போய், பக்கத்து வண்டியிலிருந்து டியூபை வாயில் வைத்து உறிஞ்சுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கொஞ்சம் பெட்ரோல் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் நுரையீரல் புண்ணாகும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெளியே வரும்போது மறுபடி மூச்சுக்குழாயில் இறங்கும். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

கார் கதவில் விரல் நசுங்கினால், துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். நகம் முழுக்கக் கறுத்துத் துடித்தால் டாக்டர் பார்க்கட்டும். ஊசியைச் சுட்டு நீங்களே குத்தாதீர்கள்.

சரி, கை வைத்தியம்?

எலும்பு முறியவில்லை, தோலும் கிழியவில்லை என்று உறுதியான பிறகுதான் நம் முறை வருகிறது. முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் ஒற்றடம், ஒரு தடவைக்கு 15 நிமிடம். மூன்றாம் நாளிலிருந்து நொச்சி இலையையோ புளிய இலையையோ வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கிற சூட்டில் ஒற்றடம் கொடுக்கலாம். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் போடும் பற்று, மூட்டை அசையாமல் பிடித்து வைக்கும். கிழிந்த தோலில் மட்டும் கூடாது.

சீழ் வைத்து ஆறாத புண்ணுக்கு மத்தன் தைலம் உண்டு. ஊமத்தையும் துருசும் சேர்ந்த மருந்து அது. உள்ளே போனால் விஷம். சித்த மருத்துவர் சொல்லி, அவர் சொன்ன அளவில் மட்டும் தடவுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் காலில் காயத்தோடு வந்தால் சின்னதானாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிரண்டைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம். அதை நம்பிக் கட்டுப் போடாமல் மட்டும் இருக்காதீர்கள்!

இந்த வாரமே செய்யுங்கள்

* ஹேண்டில் பார் ரப்பர் கிழிந்து இரும்பு தெரிகிறதா? இன்றைக்கே புது கிரிப் மாட்டுங்கள்.

* பின் சக்கரத்துக்கு வலை, உட்காருபவர் கால் வைக்க ஸ்டாண்டு போடுங்கள்.

* "வளர்ற பிள்ளைதானே" என்று பெரிய சைக்கிளாக வாங்காதீர்கள். குரங்கு பெடல் பார்க்க அழகு, விழுந்தால் வினை. இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும்.

* செயின் கார்டு, பிரேக் கட்டையை மாதம் ஒருமுறை பாருங்கள். சைக்கிளுக்கும் ஹெல்மெட் உண்டு.

* காரில் ஒரு சின்னப் பை: காஸ் துணி, பேண்டேஜ், கத்தரிக்கோல், இரண்டு லிட்டர் சுத்தத் தண்ணீர்.

பிள்ளை விழுந்து வந்து நின்றால் காயத்தைக் கழுவிவிட்டு, மூன்று கேள்வி கேளுங்கள்: "எது குத்திச்சு? எங்க வலிக்குது? தலையில பட்டுதா?" ரத்தம் நின்ற பிறகும் அன்றைக்கு முழுக்க அவனைக் கவனித்துக்கொண்டே இருங்கள். காபிப் பொடி டிகாஷனுக்கே போகட்டும்!