கழுவிய பிறகுதான் வேலை

அன்புள்ள தம்பிக்கு,

சிரம்பானில் கேட்டரிங் தொடங்கப் போவதாகவும், தோட்டத்துக் கோயில் பாத்திரங்களையும் இனி நீயே பார்த்துக்கொள்ளப் போவதாகவும் எழுதியிருந்தாய். சந்தோஷம். சமையல் உனக்கு வரும். சாம்பாரை இறக்குவதில் மட்டும் கொஞ்சம் அவசரம். அதை நேரில் பேசிக்கொள்வோம். பாத்திரத்தைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் அதை யாரும் உனக்குச் சொல்லித் தரமாட்டார்கள்.

ரந்தாவ், சிலியாவ், லாபு பக்கத்துத் தோட்டங்களில் நான் பார்த்த வரையில், அடுப்பில் வீணான பாத்திரம் கொஞ்சம்தான். திருவிழா முடிந்த களைப்பில் கழுவி, ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்து, அடுத்த வருஷம் வரை பூட்டிப்போட்டு வீணானவையே அதிகம். நம் ஊரில் மழை விட்டாலும் காற்றில் ஈரம் விடாது. பூட்டிய அறைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் அது வெளியே வர வழி இல்லை. ஆகவே எந்த உலோகமானாலும் கழுவியதும் துணியால் துடை, வெயிலில் கவிழ்க்காமல் நிமிர்த்தி வை, சூடு ஆறிய பிறகு அடுக்கு. நடுவே செய்தித்தாள் வை. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மீதியை நீயே கண்டுபிடித்துக்கொள்வாய்.

பித்தளை அண்டாக்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே வெள்ளையாகத் தெரிவது வெள்ளீயப் பூச்சு. அது முழுதாக இருக்கும் வரைதான் புளியும் தயிரும் தக்காளியும் அந்த அண்டாவுக்குள் போகலாம். பூச்சு தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்த்தால் புளிப்பு பித்தளையில் உள்ள செம்பைக் கரைக்கும். சாப்பாடு கசக்கும், சாப்பிட்டவர்களுக்குக் குமட்டும். அன்னதானத்தில் அப்படி ஒன்று நடந்தால் பழி அண்டா மேல் விழாது, உன் மேல்தான் விழும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கேஸ் அடுப்பின் பெரிய தீயில் வெறும் அண்டாவை ஏற்றிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால், திரும்பி வரும்போது பூச்சு திட்டுத் திட்டாக ஓடியிருக்கும். முதலில் தண்ணீர், பிறகு தீ. தாளிப்பைத் தனியாகக் குவாலி என்னும் இரும்புச் சட்டியில் செய்து கொட்டு. கிளற மரத்துடுப்பு போதும். எவர்சில்வர் கரண்டியால் அடியைச் சுரண்டும் ஆளை அண்டா பக்கமே விடாதே.

பூச்சுப் போய்விட்டால் திரும்பப் பூசலாம். பாத்திரத்தைச் சுத்தமாகத் தேய்த்துக் கரித்தீயில் சூடேற்றி, நவச்சாரப் பொடி தூவி, வெள்ளீயத்தை உருகவிட்டுப் பஞ்சால் இழுத்துப் பரப்புவார்கள். புகை மூக்கைத் துளைக்கும்; திறந்த இடத்தில்தான் செய்ய வேண்டும். பூசுகிறவர் என்ன குச்சி வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பார். வெள்ளீயக் குச்சியை வளைத்தால் நறநறவென்று ஒரு சத்தம் வரும். காகிதத்தில் தேய்க்கும்போது பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தால் அதில் காரீயம் இருக்கிறது. காரீயம் விஷம். அந்த ஆள் எவ்வளவு மலிவாகச் செய்தாலும் கும்பிட்டு அனுப்பிவிடு.

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. நாம் நிற்கும் மண்ணே ஈய மண். சுங்கை ஊஜோங்கில் ஈயம் தோண்ட வந்தவர்களால் வளர்ந்த ஊர்தான் சிரம்பான். 1874-இல் ஆங்கிலேயர்கள் இங்கே தலையிட்டதற்கும் அந்த ஈயம் ஒரு பெரிய காரணம். நம் ஆட்களைக் கூட்டமாக இழுத்து வந்த ரப்பர் அதற்குப் பின்னால் வந்தது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்ததும் நாடெங்கும் சுரங்கங்கள் வரிசையாக மூடின. அப்பேர்ப்பட்ட ஊரில் இன்று ஓர் அண்டாவுக்கு ஈயம் பூச ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. கிடைத்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொழிலைக் கற்றுக்கொள். கேட்டரிங்கில் வரும் லாபத்தைவிட அது உனக்கு நாளைக்குச் சோறு போடலாம்.

பித்தளையின் வெளிப்பக்கத்தைத் தேய்க்கப் புளியும் சாம்பலும் போதும். தோட்டத்தில் ரப்பர் விறகு எரித்த காலத்தில் சாம்பலுக்குப் பஞ்சமே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கை அது போல எடுப்பது இன்னொன்று கிடையாது. ஆனால் அதே சாம்பலை அலுமினியக் குண்டானில் போட்டுத் தேய்த்தார்கள். சாம்பலில் இருக்கும் காரம் அலுமினியத்தை அரிக்கும், கறுக்க வைக்கும். பழைய அலுமினியத்தில் அடியெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தால், அது ஒரு பக்கம் சாம்பலும் மறுபக்கம் புளிக்குழம்பும் செய்த வேலை. அலுமினியத்தில் தண்ணீர் கொதிக்க வை, சோறு வடி. இரவு முழுக்கக் குழம்பை அதில் விடாதே.

எவர்சில்வருக்கு எதுவும் ஆகாது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆகும். பச்சைத் தண்ணீரில் உப்பைக் கொட்டினால் அது கரையாமல் அடியில் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக அரிக்கும். தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போடு. கறை போகவில்லை என்று வெளுப்பு மருந்தில் ஊறப்போடுவதும் அதே கேட்டைத்தான் செய்யும். இரும்புக் கம்பி நாரால் தேய்த்தால் அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும்; தேங்காய் நார் இருக்கும் நாட்டில் அது எதற்கு? டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டால் சுத்தியல் எடுக்காதே. உள் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரைச் சுடுதண்ணீரில் நிறுத்து, கழன்றுவிடும்.

குவாலியும் தோசைக்கல்லும் ஊறவே கூடாது. சூடாக இருக்கும்போதே தண்ணீர் விட்டுத் தேய்த்து, திரும்ப அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டி, எண்ணெய்த் துணியால் ஒரு துடை. அந்தக் கறுப்புப் படலம் அழுக்கு இல்லை, சூட்டில் இறுகிப்போன எண்ணெய். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் சுத்தம் என்று நினைத்து அதைச் சுரண்டி வெளுப்பாக்கிவிடுவார்கள். முதல் நாளே சொல்லி வை.

உன் பாட்டி வைத்திருந்த நீலக்கரை மங்குத் தட்டுகளை விருந்துக்கு எடுக்காதே. அது இரும்பின் மேல் உருக்கிய கண்ணாடி; கீழே விழுந்தால் சில்லு தெறிக்கும், தெறித்த இடத்தில் துரு ஏறும். சில்லுப் போனதில் சாப்பாடு போடக் கூடாது. மெலமின் தட்டு கீறல் விழுந்து மங்கிப்போனால் தூக்கிப் போட்டுவிடு. மைக்ரோவேவில் அதை எந்த நாளும் வைக்காதே.

கத்தியைப் பற்றி உன் வீட்டில் கேள். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்குக் கத்தி தீட்டத் தெரியாமல் இருக்காது.

இன்னொன்று. கோயில் பாத்திரங்களின் விளிம்பைப் பார். கொடுத்தவர் பெயர், தோட்டத்தின் பெயர், சிலவற்றில் வருஷம், எல்லாம் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு லய வீடுகளே இல்லாமல் போன தோட்டங்கள் உண்டு. அங்கே இருந்தவர்களின் பெயர் அந்த விளிம்பில்தான் மிச்சம். அவற்றைத் தேய்த்து அழிக்காதே. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பெயரையும் எடையையும் ஒரு நோட்டில் எழுதிவிடு. பழைய பித்தளைக்குக் கிலோ கணக்கில் விலை பேச வருகிறவர் கமிட்டியில் யாரையாவது பிடிப்பார். அப்போது அந்த நோட்டு உன் கையில் இருக்க வேண்டும்.

கல்யாணம், காதுகுத்து என்று கேட்டால் பாத்திரம் கொடு, கொடுக்கத்தானே இருக்கிறது. முன்பணம் வாங்கிக்கொள். பாத்திரம் திரும்பி வந்ததும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார். காய்ந்திருந்தால் மட்டும் பணத்தைத் திருப்பிக் கொடு.

அன்புடன்,
அண்ணன்