ஆளறிந்து தேர்தல்

ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில், நாம் தேர்வுக்கென்று விளக்கெரித்துப் படித்துக்கொண்டிருக்கும் நாட்களில், அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கல்லூரி மாணவர் சிலர் வேறொரு தேர்வின் முடிவை நோக்கிக் காத்திருக்கின்றனர். நம் தேர்வில் வினாக்களுக்கு நாம் விடை எழுதுகின்றோம். அவர்தம் தேர்விலோ அவர்களே வினா. விடை எழுதுவோர் பிறர். ஊதியம் பெற்று ஆடும் கால்பந்தணிகள், கல்லூரிகளில் ஆடிப் பெயர்பெற்ற இளைஞரை முறைவைத்து ஒருவர்பின் ஒருவராகத் தெரிந்தெடுக்கும் இந்நிகழ்ச்சியை அந்நாட்டார் 'டிராப்ட்' என்று வழங்குவர். ஓர் ஆளை அளப்பது எவ்வாறு, அளந்தறிந்த ஆளை அணியின் தேவையோடு பொருத்துவது எவ்வாறு என்னும் இரண்டு வினாக்களை இந்நிகழ்ச்சியைக்கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொருள் விளையாட்டைப் பற்றியதாயினும், பட்டம் பெற்று வெளியேறும் நாளை எண்ணியிருக்கும் நமக்கு அது முற்றும் அயலானதன்று என்பது எம் கருத்து.

1. ஆட்டத்தின் இயல்பு

அமெரிக்கர் கால்பந்து என்று கூறுவது, மாலைதோறும் நம் கல்லூரித் திடலில் நாம் ஆடுவது அன்று. அவர்தம் பந்து இருமுனையும் கூம்பியது; பெரும்பாலும் கையால் ஏந்திச் செல்லப்படுவது, எறியப்படுவது. ஒரு பக்கத்துக்கு 11 பேர் ஆடுவர். பந்தையுடைய அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேறுதல் வேண்டும். முன்னேறின் மீண்டும் நான்கு முயற்சிகள் உண்டு. தவறின் பந்து எதிரணியைச் சேரும்.

பந்தை முதலிற் கையேற்று ஆட்டத்தை நடத்துபவனைக் 'குவார்ட்டர்பேக்' என்பர். எறிவதா, பிறனிடம் கொடுப்பதா என்பதை இரண்டு மூன்று நொடிக்குள் அவன் துணிதல் வேண்டும். அவனுக்குமுன் 300 பவுண்டு எடையுள்ள ஐவர் மதில்போல் நின்று காப்பர். பந்தை ஏந்தி ஓடுபவன் ஒருவன். தொலைவில் ஓடி எறிபந்தைப் பற்றுவோர் சிலர். தாக்கும் 11 பேர் வேறு. தடுக்கும் 11 பேர் வேறு. ஆகவே ஓர் அணி என்பது பல தொழிலாளர் கூடிய ஒரு பட்டறை போன்றது. அங்கே 'நல்ல ஆட்டக்காரன் யாவன்?' என்று கேட்பது போதாது. 'எந்த இடத்துக்கு நல்லவன்?' என்று கேட்டல் வேண்டும்.

2. தேர்வு தோன்றிய வரலாறு

1935ஆம் ஆண்டுக்கு முன்னர்க் கல்லூரி ஆட்டக்காரன் தான் விரும்பிய அணியிற் சேரலாம். அதனால் செல்வமும் புகழும் உடைய அணிகளே சிறந்த இளைஞரை ஈர்த்துக்கொண்டன. எளிய அணிகள் ஆண்டுதோறும் தோற்றன. அங்ஙனம் தோற்றவற்றுள் ஒன்று பிலடெல்பியா ஈகிள்ஸ். அதன் உரிமையாளருள் ஒருவராகிய பெர்ட் பெல், கடைசியில் நின்ற அணி முதலிலும், முதலில் நின்ற அணி கடைசியிலும் தேர்ந்தெடுக்குமாறு ஒரு முறையை 1935இல் எடுத்துரைத்தார். பிற உரிமையாளரும் அதற்கு இசைந்தனர். 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் பிலடெல்பியா நகரில் ஓர் ஓட்டலில் முதல் தேர்வு நடைபெற்றது. 9 அணிகள் 9 சுற்றுக்களில் 81 பேரைத் தெரிந்தெடுத்தன.

முதற்பெயர் சிக்காகோப் பல்கலைக்கழக மாணவர் ஜே பெர்வாங்கர் என்பவருடையது. அவரைத் தேர்ந்தது பெல்லின் அணியே. ஆயினும் அவர் ஊதியத்துக்கு ஆட வந்திலர். வேறு தொழிலை நாடினார். தேர்ந்தெடுக்கப்படும் பொருள் மனிதன் என்பதையும், அவனுக்கும் ஒரு மனம் உண்டு என்பதையும் முதற்பெயரே அணிகளுக்கு அறிவுறுத்தியது எனலாம்.

இன்று அந்த லீக்கில் 32 அணிகள் உள்ளன. 7 சுற்றுக்களில் ஏறக்குறைய 260 பேர் எடுக்கப்படுகின்றனர். கல்லூரிகளில் ஆடுவோருள் நூற்றுவர்க்கு இருவர்கூட இந்நிலையை எய்துவதில்லை. எய்துவோரும் தாம் சேரும் ஊரைத் தாமே தெரிந்துகொள்ள இயலாது. அவர்தம் வாழ்வின் போக்கு, பிறர் அவர்களைப்பற்றி எழுதிவைத்த குறிப்பொன்றில் அடங்கியிருக்கின்றது. ஆதலின் அக்குறிப்பு நேர்மையும் நுண்மையும் உடையதாயிருத்தல் கடமையாகின்றது.

3. அளவும் அளவுக்கு அடங்காததும்

ஆட்டக்காரரை ஆராய்வோர் மூன்று வழிகளைக் கையாளுகின்றனர். முதலாவது, அவர்தம் கல்லூரி ஆட்டங்களைப் படச்சுருளிற் பலமுறை காண்டல். இரண்டாவது, அவர்தம் ஆசிரியரையும் பயிற்சியாளரையும் உசாவுதல். மூன்றாவது, நேரே அளத்தல். இம்மூன்றாவதன் பொருட்டு 300 பேருக்கு மேற்பட்டோர் ஆண்டுதோறும் இண்டியானாபோலிஸ் நகருக்கு அழைக்கப்படுகின்றனர். அங்கே 40 கஜம் ஓடும் நேரம் குறிக்கப்படும். 225 பவுண்டுப் பாரத்தை மல்லாந்து கிடந்தவண்ணம் எத்தனை முறை தூக்குகின்றனர் என்பது எண்ணப்படும். உயரத் தாண்டுதலும் நீளத் தாண்டுதலும் அளக்கப்படும். மருத்துவர் பழைய காயங்களை ஆராய்வர். அணித்தலைவர்கள் தனித்தனியே வினவுவர்.

இவ்வளவைகள் வீண் அல்ல. ஓடவேண்டிய இடத்துக்கு ஓடமாட்டாதவன் உதவான். ஆயினும் அளக்க எளிதாயிருப்பதே அளக்கத்தக்கது என்று மயங்குதல் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி, 2000ஆம் ஆண்டு அச்சோதனையில் 40 கஜத்தை 5.28 நொடியில் ஓடினார். அஃது அவ்விடத்தார்க்கும் மெதுவான ஓட்டமே. மெலிந்த உடலும் மெதுவான காலும் கண்டு, அணிகள் அவருக்குமுன் வேறு ஆறு குவார்ட்டர்பேக்குகளைத் தேர்ந்தன. ஆறாம் சுற்றில் 199ஆம் பெயராக நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி அவரை எடுத்தது. அடுத்த ஆண்டு அவ்வணியின் தலையாய குவார்ட்டர்பேக் காயமுறவே, பிரேடி அவ்விடத்தில் நின்றார். பின்னர் அவர் ஆடிய அணிகள் 7 முறை 'சூப்பர் பௌல்' என்னும் இறுதிப்பந்தயத்தில் வென்றன. நெருக்கடியிற் கலங்காத அவர்தம் மனத்தையும், எதிரியின் நிலையை நொடியிற் படித்தறியும் கண்ணையும் நிறுக்கத் தராசு இல்லை. ஆனால் கல்லூரி ஆட்டப் படங்களில் அவற்றின் சுவடு இருந்தது. நின்று நோக்கியவர் மிகச் சிலர்.

ஆகவே முதல் விதி இது: அளவை அவ்விடத்தின் தொழிலோடு ஒட்டிப் படித்தல் வேண்டும். எறிபந்தைப் பற்றுவோனுக்கு உயிராகிய வேகம், நின்று எறிவோனுக்கு அணிகலன் மாத்திரமே.

4. பாராத இடங்கள்

அளவுகோல் சரியாயிருந்தும், அதனை ஏந்தியவர் செல்லாத ஊர்கள் சில இருந்தன. 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் கறுப்பினத்தார் ஒருவரும் ஆட இடம் பெற்றிலர். 1949இல்தான் ஜார்ஜ் டாலியபெரோ என்பவர் அத்தேர்வில் எடுக்கப்பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். அதன்பின்னரும், தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கென்று ஏற்பட்ட கல்லூரிகளைப் பல அணிகள் பொருட்படுத்தவில்லை.

பிட்ஸ்பர்க் நகரில் கறுப்பின மக்கள் நடத்திய 'கூரியர்' என்னும் செய்தித்தாளில் விளையாட்டுப் பகுதியை எழுதிவந்தவர் பில் நன். அவர் அக்கல்லூரிகளை நன்கு அறிந்தவர். 1960க்களின் பிற்பகுதியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி அவரைத் தன் பணிக்கு அமர்த்திக்கொண்டது. அலபாமாவிலுள்ள அத்தகைய கல்லூரி ஒன்றில் ஜான் ஸ்டால்வர்த் என்னும் மாணவர் இருந்தார். ஈரமான தரையில் அவர் ஓடக் கண்ட ஆய்வாளர் பலர், வேகம் குறைவு என்று எழுதிக்கொண்டு சென்றனர். நன் மட்டும் உடல்நலமில்லை என்று கூறிப் பின்தங்கி, நல்ல தரையில் அவரை மீண்டும் ஓடச்செய்து நேரம் குறித்தார் என்பர். 1974ஆம் ஆண்டு நான்காம் சுற்றில் ஸ்டீலர்ஸ் அணி ஸ்டால்வர்த்தை எடுத்தது. அவ்வோர் ஆண்டுத் தேர்வில் அவ்வணி எடுத்தவர்களுள் நால்வர் பின்னாளில் அவ்விளையாட்டின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றனர். நன் அவர்களும் 2021இல் அம்மண்டபத்திற் சேர்க்கப்பெற்றார்.

இரண்டாம் விதி இதனின்றும் பெறப்படும்: குறைந்த எண்ணைக் கண்டால், அது மனிதனின் குறையோ தரையின் ஈரமோ என்று கேட்டல் வேண்டும்.

5. தேவையை அறிதல்

இனித் தேவையைப்பற்றிக் கூறுவாம். ஓர் அணி தன் குறையை அறிய, ஒவ்வோர் இடத்திலும் நிற்பவன் யாவன், அவன் வயது என்ன, ஒப்பந்தம் எப்பொழுது முடிவுறும், அவனுக்கு மாற்று உண்டா என்று பட்டியல் எழுதும். 1994 முதல் ஒவ்வோர் அணியும் ஊதியத்துக்குச் செலவிடும் தொகைக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. ஆதலின் குறைந்த ஊதியத்தில் நான்காண்டு உழைக்கவல்ல இளைஞன் பெரிய செல்வமாகின்றான்.

தேர்வுரிமைக்கும் விலை உண்டு. அணிகள் அதனைத் தம்முள் மாற்றிக்கொள்ளலாம். டல்லஸ் கௌபாய்ஸ் அணி 1991இல் ஒவ்வோர் உரிமைக்கும் ஒரு மதிப்பெண் குறித்து அட்டவணை வகுத்தது. அதில் முதலுரிமைக்கு 3000, இரண்டாவதற்கு 2600. அவ்வணி 1989இல் 16 ஆட்டங்களுள் ஒன்றில் மாத்திரம் வென்றிருந்தது. அவ்வாண்டே தன் சிறந்த ஓட்டக்காரராகிய ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா அணிக்கு ஈந்து, பல தேர்வுரிமைகளைப் பெற்றது. அவற்றுள் ஒன்றைக்கொண்டு 1990இல் 17ஆம் இடத்துக்கு முன்னேறி, எம்மிட் ஸ்மித் என்னும் ஓட்டக்காரரை எடுத்தது. குள்ளம் என்றும் வேகம் போதாது என்றும் பலர் அவரைக் கழித்திருந்தனர். அவரோ மொத்தம் 18,355 கஜம் ஓடி, அந்த லீக்கின் வரலாற்றில் எவரும் எட்டாத எல்லையை எட்டினார். தன் தேவை ஒருவனல்லன், ஓர் அணி முழுவதுமே என்று டல்லஸ் உணர்ந்திருந்தமையே அவ்வெற்றியின் வேர்.

ஆயினும் தேவை ஒரு பொல்லாத ஆசானுமாகும். 1998இல் குவார்ட்டர்பேக் இன்றித் தவித்த அணிகள் இரண்டு. முதலுரிமை பெற்ற இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் பேட்டன் மானிங்கை எடுத்தது. அவர் அந்த லீக்கின் தலைசிறந்தோருள் ஒருவரானார். அடுத்த உரிமையைப் பெரிய விலை கொடுத்து வாங்கிய சாண்டியாகோ சார்ஜர்ஸ், ரயன் லீப் என்பவரை எடுத்தது. கைவலிமையில் அவர் குறைந்தவரல்லர். ஆயினும் நான்கு பருவங்களுக்குள் அவர்தம் ஆட்டவாழ்வு முடிந்தது. பசித்தவன் கண்ணுக்கு எக்கனியும் பழுத்ததாகவே தோன்றும்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2005இல் கிரீன்பே பேக்கர்ஸ் அணிக்குப் பிரெட் பாவர் என்னும் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் இருந்தார். அவ்விடத்தில் அன்று குறை இல்லை. எனினும் 24ஆம் முறை வரையில் எவரும் எடாது நின்ற ஆரன் ராஜர்ஸை அவ்வணி எடுத்துக்கொண்டது. அவர் மூன்று பருவம் காத்திருந்து, 2008இல் பொறுப்பேற்று, 2010ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதிப்பந்தயத்தை வென்று கொடுத்தார். இன்றைய குறையை நோக்கியவர் அவரைக் கடந்து சென்றனர். நாளைய குறையை நோக்கியவர் அவரைப் பெற்றனர்.

6. முடிவுரை

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்பன அடுத்தடுத்து நிற்கும் இரண்டு அதிகாரங்கள். ஆளைத் தெளிதல் ஒன்று; தெளிந்த ஆளைத் தக்க வினையில் அமர்த்துதல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளாது தனித்தனி வைத்த முறையின் நுட்பம், மேற்கூறிய வரலாறுகளை எண்ணுந்தொறும் எமக்கு விளங்குகின்றது. சாண்டியாகோவின் பிழை, தன் தேவையின் அவசரத்தை ஆளின் தகுதி என்று எண்ணியதே. தேவை நம் கண்ணை ஒரு திசைக்குத் திருப்பலாம்; திரும்பிய கண் காண்பதை அது மாற்றிவிடலாகாது. இதுவே இவ்வாராய்ச்சியிலிருந்து யாம் பெற்ற பொருள்.

நண்பர்காள்! இன்னும் சில திங்களில் நம்முட் பலர் சான்றிதழ்ச் சுருளைக் கையிலேந்தி அலுவலகங்களின் வாயிலில் நிற்போம். அங்கும் நம்மை எண்களால் அளப்பர். நம் 40 கஜ ஓட்டத்தை மட்டுமே காண்பர். அதற்காக வருந்தி நிற்றல் வேண்டா. 199ஆம் பெயராக அழைக்கப்பட்டவர் அழைப்பு வந்தபின் செய்ததையே உலகம் நினைவிற்கொண்டது. ஆனால் காலம் உருண்டு, நாமே ஆசிரியராயும் அதிகாரியாயும் அமர்ந்து, வாயிலில் நிற்கும் ஓர் இளைஞனை அளக்கும் நாளும் வரும். அன்று அவன் குறைந்த எண்ணைக் கண்டு ஏட்டை மூடுமுன், ஒருநாள் பின்தங்கி, நல்ல தரையில் அவனை மீண்டும் ஒருமுறை ஓடச்செய்து பார்க்கும் பொறுமை நமக்கு வாய்ப்பதாக.