ஆட்டுப்பால் கறக்கப் பழகுவோம்

யாழ்ப்பாணத்து வளவுகளில் வேலி என்பது எல்லை மட்டுமன்று. ஆட்டுக்குத் தீவனமும் அதுவே. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, வாதநாராயணி என்று எமது முன்னோர் நட்ட கதியால்கள் எல்லாம் ஆட்டுக்குக் குழை தந்தன. மாடு வளர்ப்பதற்குப் புற்தரையும் வைக்கோலும் வேண்டும். ஆட்டுக்கோ குழை வெட்ட ஒரு கொக்கத்தடியும், விழுந்த பலாவிலை குத்த ஒரு குத்தூசியும் இருந்தாற் போதும். விடிந்ததும் அம்மம்மா ஒரு செம்புப் பாலோடு கொட்டிலிலிருந்து வருவார். பிள்ளைகளின் காலைத் தேநீர் அந்தப் பாலில்தான்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். மாடுகளையும் ஆடுகளையும் அவிழ்த்து விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று தாய் தந்தையராகிவிட்டனர். 2015 இன் பின்னர் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டு வந்தபோதிலும், இன்னும் தமது காணிக்காகக் காத்திருப்போர் உள்ளனர்.

இந்தக் குடும்பங்களிற் பலவற்றுக்கு உதவியாகவோ, உறவினர் மூலமாகவோ ஓர் ஆடு கிடைக்கின்றது. ஆனால் கறப்பதற்கு வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கறந்து பழகியிருந்த அம்மம்மா இப்போது இல்லை. சில வாரம் முயன்று பார்த்துவிட்டு, "இது பால் தராத ஆடு" என்று இறைச்சிக்கு விற்றுவிடுகிறார்கள். ஆடு வளர்ப்புக் குழுக்களோடு வேலை செய்யும் நாம் இதை அடிக்கடி காண்கிறோம். பெரும்பாலும் குறை ஆட்டில் இல்லை. கைக்குப் பழக்கம் இல்லை. பொறுமையோடு நாள்தோறும் முயன்றால் சில வாரங்களில் கை பழகிவிடும். அதற்கான பாடமே இது.

1. எந்த ஆட்டில் எவ்வளவு பால்?

எமது நாட்டாடு சிறியது. குட்டி குடித்தது போக அரைப் போத்தல் கிடைத்தாலே அது நல்ல ஆடு. நீண்டு தொங்கும் காதும் வளைந்த மூக்கும் உடைய ஜமுனாபாரி, இந்தியாவின் யமுனை நதிப் பகுதியிலிருந்து வந்த இனம். அதன் கலப்பு ஆடுகள் குடாநாட்டில் பரவலாக உள்ளன. நல்ல தீவனம் கொடுத்தால் இவை ஒரு லீற்றரளவிலும் கறக்கும். ஆனால் பெரிய ஆட்டுக்குத் தீவனமும் கூடுதலாக வேண்டும். இரவல் வளவில் இருப்பவர்கள் சிறிய ஆட்டோடு தொடங்குவதே நல்லது.

வாங்கும்போது மடியைத் தொட்டுப் பாருங்கள். இரு பக்கமும் ஒத்த அளவாகவும், மென்மையாகவும், கட்டி இல்லாமலும் இருத்தல் வேண்டும். கறந்தபின் மடி வெறுந்தோலைப் போலச் சுருங்கவேண்டும். சுருங்காத பெரிய மடி பாலால் பெரிதானதன்று. அது சதையால் பெரிதானது.

2. குட்டியின் பங்கு முதலாவது

ஈன்றவுடன் சுரக்கும் கடும்புப்பால் குட்டிக்கே உரியது. நோயை எதிர்க்கும் ஆற்றல் அதன் மூலமே குட்டிக்குக் கிடைக்கின்றது. பிறந்து ஒருமணி நேரத்துக்குள் குட்டி அதைக் குடித்தாக வேண்டும்.

முதல் இரு வாரங்களுக்கு வீட்டுத் தேவைக்குக் கறக்கவேண்டாம். ஆனால் அந்நாட்களிலேயே தினமும் மடியைத் தடவி, ஆட்டை உங்கள் கைக்குப் பழக்குங்கள். மூன்றாம் வாரத்தின் பின், குட்டி நன்றாக வளர்ந்திருந்தால், இரவில் அதைத் தாயின் கண்ணுக்குத் தெரியும்படி வேறாக அடைத்து வையுங்கள். விடியற்காலையில் கறந்தபின் குட்டியை விடுங்கள். பின்னேரம் வரை அது தாயோடு நிற்கட்டும். பின்னேரம் கறக்கவேண்டாம்.

இதில் நாம் ஒருமுறை தவறினோம். இரட்டைக்குட்டி போட்ட ஓர் ஆட்டில், பால் கிடைத்த மகிழ்ச்சியில் காலையும் மாலையும் கறந்தோம். ஒரு மாதத்தில் சிறிய குட்டி மெலிந்து இறந்தது. கறந்த பாலின் பெறுமதியைவிட இழந்த குட்டியின் பெறுமதி பல மடங்கு. அன்றிலிருந்து குட்டியை ஒரு பையில் இட்டுத் தராசில் தொங்கவிட்டு வாரந்தோறும் நிறுக்கின்றோம். நிறை கூடவில்லையானால் கறப்பதை நிறுத்துகின்றோம். சிறிய நாட்டாடு இரட்டைக்குட்டி போட்டால், குட்டிகள் குழை தின்னத் தொடங்கும் வரை கறவாதிருப்பதே மேல்.

3. பயந்த ஆடு பால் விடாது

மடியின் கீழ்ப்பகுதியில் ஒரு பை உண்டு. ஆட்டின் பாலில் பெரும்பகுதி அங்கே தங்கியிருக்கும். மீதி, மடியின் மேற்பகுதியிலுள்ள நுண்ணிய அறைகளில் இருக்கும். ஆடு அமைதியாக இருக்கும்போது, மடியைத் தடவினால் அல்லது குட்டியைக் கண்டால், அதன் இரத்தத்தில் ஒருவகைச் சுரப்பு நீர் கலந்து அந்த அறைகளைச் சுருக்கும். அப்போது மேலேயுள்ள பாலும் கீழிறங்கும். இதையே நாம் பால் விடுதல் என்கிறோம். கடைசியாக இறங்கும் இந்தப் பாலில்தான் கொழுப்புக் கூட.

ஆடு பயந்தால் இந்தச் சுரப்புத் தடைப்படும். அடித்தல், சத்தமிடுதல், நாய் குரைத்தல், புதிய ஆள், புதிய இடம் யாவும் பாலை நிறுத்தும். இடம் மாற்றிக் கொண்டுவந்த ஆடு சில நாட்களுக்குப் பால் விடாதிருப்பது இயல்பே. இடம்பெயர்ந்து வந்த எமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆடு இருப்புக்கொள்ளும்வரை பொறுத்திருங்கள்.

ஆகவே ஒரே நேரம், ஒரே இடம், ஒரே ஆள் என்பதை முதல் மாதத்தில் கைக்கொள்ளுங்கள். சுரப்பின் வேகம் சில நிமிடங்களில் அடங்கிவிடும். எனவே தொடங்கினால் இடையில் எழும்பாமல் கறந்து முடிக்கவேண்டும்.

4. கறப்பதற்கு முன்

கைநகங்களை வெட்டிவிடுங்கள். சவர்க்காரமிட்டுக் கைகழுவித் துடையுங்கள். ஆட்டை உறுதியான கதியாலில் கட்டையாகக் கட்டி, முன்னால் ஒரு கைப்பிடி தவிடும் பிண்ணாக்கும் வையுங்கள். கால்களைக் கட்டவேண்டாம். பனஞ்சிலாகையால் முழங்கால் உயரத்தில் ஒரு மேடை அடித்துக்கொண்டால் குனிய வேண்டியதில்லை. பாலில் தூசி விழுவதும் குறையும்.

இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்து மடியையும் காம்புகளையும் துடையுங்கள். பின் உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஈரக்கையோடு கறந்தால் அழுக்குநீர் பாலுக்குள் வடியும். கையை எச்சிலாலோ பாலாலோ நனைக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள்.

5. கையின் வேலை

எமக்குக் கறக்கப் பழக்கியவர் ஓர் ஆச்சி. நாம் காம்பைப் பிடித்து இழுத்ததைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளை, அது கோயில் மணிக்கயிறில்லை. இழுக்காதை, பொத்து" என்றார். பாடம் முழுவதும் அந்த வார்த்தையில் அடங்கும்.

முதலாவது: காம்பு மடியோடு சேருமிடத்தில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையம்போல் வைத்து இறுக்குங்கள். காம்புக்குள் வந்த பால் திரும்ப மேலே ஏறாதபடி இது அடைக்கும்.

இரண்டாவது: வளையத்தைத் தளர்த்தாமல் நடுவிரல், மோதிரவிரல், சின்னவிரல் என்று மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பொத்துங்கள். பால் பீறிட்டு வரும்.

மூன்றாவது: கையை முழுவதும் தளர்த்துங்கள். காம்பு மீண்டும் பாலால் நிரம்பும். தளர்த்தாவிட்டால் நிரம்பாது. புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் தவறுவது இதிற்தான்.

இரு கைகளாலும் மாறிமாறிச் செய்யுங்கள். நாட்டாட்டின் காம்பு குட்டையானால் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் போதும். பெருவிரலை மடித்து அதன் முட்டியால் காம்பை அழுத்தவேண்டாம். உட்புறம் காயப்பட்டு நோய்க்கு வழியாகும்.

ஆட்டைத் தொடுமுன் இதைப் பழகிப் பார்க்கலாம். ஒரு சிறிய பொலித்தீன் பையில் தண்ணீர் விட்டு, ஒரு மூலையைக் காம்புபோல் திரட்டி, நுனியில் ஊசியால் துளையிடுங்கள். பையை ஒருவர் தூக்கிப் பிடிக்க மற்றவர் கறக்கட்டும். தண்ணீர் மேலே ஏறினால் வளையம் இறுகவில்லை என்பது பொருள். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே பழகிவிடுவார்கள்.

ஆடு காலைத் தூக்கினால் செம்பை எடுத்துவிட்டு, கையை மடியிலேயே வைத்திருங்கள். அது காலை ஊன்றியபின் தொடருங்கள். உதைத்தவுடன் நீங்கள் எழும்பிப் போனால், உதைத்தால் விட்டுவிடுவார்கள் என்பதை ஆடு படித்துக்கொள்ளும்.

பீறிடுவது குறைந்ததும், குட்டி முட்டுவதுபோல் மடியை மெதுவாக இருமுறை மேலே தள்ளிவிட்டு மீண்டும் கறவுங்கள். மிஞ்சிய பால் இறங்கும்.

6. முதற் பீச்சு சொல்லும் செய்தி

ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சுகளைக் கழுவிய கறுத்த சிரட்டையில் விட்டுப் பாருங்கள். பால் ஒரே சீராக இருத்தல் வேண்டும். கட்டியோ, நூல்போன்ற திரளோ, இரத்தமோ, நீர்த்தன்மையோ காணப்பட்டால், அல்லது மடி சுட்டு இறுகி வலித்தால், அது மடிவீக்க நோயாக இருக்கலாம். அந்தப் பாலைக் குடிக்கவேண்டாம். கொட்டிலுக்குள் ஊற்றவும் வேண்டாம். அன்றே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பிந்தினால் மடியின் ஒரு பக்கம் நிரந்தரமாக வற்றிவிடும், ஆடும் இறக்கலாம். மருந்து ஏற்றினால் எத்தனை நாட்களுக்குப் பாலைப் பயன்படுத்தக்கூடாது என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. பாலைக் காத்தல்

கறந்தவுடன் சுத்தமான துணியில் வடித்து, பொங்கக் காய்ச்சுங்கள். "ஆட்டுப்பால் மருந்து, பச்சையாகக் குடிக்கலாம்" என்று சொல்வதைக் கேட்கவேண்டாம். மத்தியதரைக் கடலிலுள்ள மால்ற்றாத் தீவில் நெடுங்காலம் மக்களை வாட்டிய ஒரு காய்ச்சல், பார்வைக்குச் சுகமாக இருந்த ஆடுகளின் பச்சைப்பாலால் பரவியது என்பதை 1905 இல் தெமிஸ்ரோக்கிளிஸ் சமிற் என்னும் வைத்தியர் கண்டறிந்தார். காய்ச்சினால் அக்கிருமி இறந்துவிடும்.

மணம் வீசுகிறது என்று ஆட்டுப்பாலை ஒதுக்குவோரும் உண்டு. கிடாயைக் கறவை ஆட்டோடு கட்டாமலும், பாத்திரத்தைச் சுடுநீரால் கழுவியும் வந்தால் மணம் குறையும். 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள், அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஆட்டுப்பால் அருந்திவந்தவர்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. ஒரு வயது வரை ஆட்டுப்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடாது. இரத்தம் ஊறுவதற்கு வேண்டிய போலிக் அமிலம் அதில் மிகக் குறைவு. தாய்ப்பால் போதாதெனத் தோன்றினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வளரும் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் காய்ச்சிய ஆட்டுப்பால் நல்லுணவு.

8. குழையும் அயலும்

பால் செம்பில் தொடங்குவதில்லை, குழையில் தொடங்குகிறது. கறவை ஆட்டுக்குப் பலவகைக் குழையும், நாள் முழுவதும் சுத்தமான தண்ணீரும் வேண்டும். தண்ணீர் குறைந்தால் அன்றே பால் குறையும். சொந்தக் காணி இல்லாதோர், வளவுக்காரரிடம் கேட்டு வேலியில் கிளிசிறிடியா எனப்படும் சீமைக்கிளுவைக் கதியால்களை நடலாம். அவருக்கு வேலி, உங்களுக்குக் குழை. முதலில் ஆடு மணந்துவிட்டு ஒதுக்கும். சிறிது வாடவிட்டுக் கொடுத்தால் பழகிக்கொள்ளும். அலரியும் பச்சை மரவள்ளி இலையும் நஞ்சு, எட்டவும் விடக்கூடாது. கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதியாகத் தெரியாத பற்றைக் காணிக்குள் குழைக்காகக் கால் வைக்கவேண்டாம்.

ஆட்டை அவிழ்த்துவிட்டு அயலவரின் கத்தரிக் கன்றைத் தின்னவிட்டால், பாலோடு சண்டையும் சேர்ந்து வரும். கட்டி வளருங்கள். மிஞ்சிய எருவில் ஒரு கடகம் அயலவருக்குக் கொடுங்கள்.

9. கறப்பதை நிறுத்தும் காலம்

ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். கிடாய்க்கு விட்ட திகதியைக் கொப்பியில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் கறப்பதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். கடைசி இரு மாதங்களும் வயிற்றுக் குட்டிக்கும் அடுத்த பாலுக்கும் உரியவை.

முதல் நாள் செம்பின் அடி மட்டும் நனையலாம். கவலை வேண்டாம், அளவைக் கொப்பியில் எழுதுங்கள். கை பழகப் பழக அளவு ஏறுவதைக் காண்பீர்கள். பழகியபின், இன்னொரு குடும்பத்தைக் கொட்டிலுக்கு அழைத்து அருகில் இருத்திப் பழக்குங்கள். கறக்கத் தெரிந்த கையை ஒருவரும் எம்மிடமிருந்து பறிக்க முடியாது. எங்கு போனாலும் அது எம்மோடு வரும்.

குழுவிற் கலந்துரையாட:

1. உங்கள் ஊரில் முன்னர் ஆடு கறந்தவர்கள் யார்? அவர்களில் இன்று இருப்பவர்களை எப்படிப் பழக்குநராக அழைக்கலாம்?

2. உங்கள் ஒழுங்கையில் எந்தெந்த வேலிகளில் குழை உண்டு? யாரிடம் அனுமதி கேட்கவேண்டும்?

3. கிடைக்கும் பாலில் குட்டிக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு, விற்பதற்கு எவ்வளவு? இதைத் தீர்மானிப்பவர் யார்?