அணைக்க முடியாத நெருப்பு

தீபாவளி வாணத்தின் மருந்தில் தீப்பற்றிவிட்டால், அம்மருந்து தீரும்வரை அதனை நிறுத்த இயலாது. செயற்கைக்கோளைச் சுமந்து செல்லும் திண்ம எரிபொருள் ராக்கெட்டும் இவ்வியல்பினதே. திரவ எரிபொருள் எஞ்சினில் குழாயை அடைத்து நெருப்பை அணைக்கலாம். திண்ம எரிபொருளுக்கோ குழாயும் இல்லை, அடைப்பானும் இல்லை. ஆகவே பிழை எதுவாயினும் தீமூட்டும் முன்பே கண்டறியப்பட வேண்டும்.

விண்வெளியில் காற்று இல்லை. எரிதலுக்கு வேண்டிய ஆக்சிஜனை அம்மோனியம் பெர்குளோரேட் என்னும் உப்புத் தருகிறது. அலுமினியத் தூள் வெப்பத்தை மிகுவிக்கிறது. வெல்லப்பாகு வேர்க்கடலையைப் பிணைத்துக் கடலைமிட்டாய் ஆக்குவதுபோல, ரப்பர் போன்ற பிசின் ஒன்று இவ்விரண்டையும் பிணைக்கிறது. அப்பிசினும் எரிபொருளே. கூழ் போன்ற இக்கலவையைக் கூட்டினுள் வார்த்து, இளஞ்சூட்டில் நாள்கணக்கில் வைத்து இறுகச் செய்வர். நடுவே துளை ஒன்று விடுவர். அது விண்மீன் வடிவில் அமைவதும் உண்டு. தீ அத்துளையின் பரப்பில் தொடங்கி வெளிநோக்கிப் பரவும். எரியும் பரப்புப் பெருகினால் அழுத்தமும் பெருகும். வார்ப்பில் வெடிப்பு இருந்தால், தீ அதனுள்ளும் புகுந்து, கூடே வெடித்துச் சிதறக்கூடும். எனவே வார்ப்பை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்வர்.

கேரளத்தின் தும்பா என்னும் கடற்கரைச் சிற்றூரிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று பறந்த முதல் ராக்கெட் அமெரிக்காவினுடையது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1967 நவம்பர் 20 அன்று, இந்தியர் ஆக்கிய ரோகிணி ராக்கெட் அங்கிருந்து பறந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர்; ஓர் உள்ளங்கை அகலமே! வசந்த் கோவாரிக்கர் போன்றோர் எரிபொருள் ஆய்வில் ஈடுபட்டனர். பின்னர் 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட எஸ்.எல்.வி.-3 உருவாயிற்று. அதன் நான்கு கட்டங்களும் திண்ம எரிபொருளால் இயங்குபவை. திட்ட இயக்குநர், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம்.

1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது எழுந்தது. முதற்கட்டம் செவ்வனே எரிந்தது. இரண்டாம் கட்டத்தைத் திசைதிருப்பும் அமைப்பிலிருந்த நைட்ரிக் அமிலம் முன்னரே கசிந்துவிட்டது. திசை தவறிய ராக்கெட் வங்கக் கடலில் வீழ்ந்தது. செய்தியாளர்முன் நிறுவனத் தலைவர் சதீஷ் தவான் தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றார். 1980 சூலை 18 அன்று 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் புவியை வலம்வரத் தொடங்கியது. அன்று செய்தியாளரிடம் பேசுமாறு கலாமையே அனுப்பினார் தவான்.

இன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 138 டன் திண்ம எரிபொருள் உள்ளது. அவ்வளவையும் ஒரே வார்ப்பாக ஆக்குவதில்லை. ஐந்து துண்டங்களாக வார்த்து இணைக்கின்றனர்.

சொற்பொருள்
திண்மம் – கெட்டிப்பொருள். செவ்வனே – நன்றாக

பிரித்து எழுதுக
1. அம்மருந்து 2. இவ்வியல்பு

விடை எழுதுக
1. எரிபொருள் வார்ப்பில் வெடிப்பு இருப்பின் நேரக்கூடியது யாது?
2. 1979இல் எஸ்.எல்.வி.-3 திசை தவறியது ஏன்?
3. தவான் தோல்வியின்போதும் வெற்றியின்போதும் நடந்துகொண்ட முறையை வீட்டுப் பெரியவர்களிடம் கூறி, அவர்தம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.