ஹைதராபாத்தும் தேசிய நெடுஞ்சாலைகளும்: மண்டல அலுவலரின் பொறுப்பு

ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், புனேயிலிருந்து மசூலிப்பட்டினம் செல்லும் 65-ஆம் எண் நெடுஞ்சாலையும் ஹைதராபாத்தில் சந்திக்கின்றன. 2010-இல் எண்கள் மாற்றியமைக்கப்படும் வரை இவை இப்பகுதியில் முறையே 7, 9 என்று வழங்கின. நாட்டின் சாலைகளின் மொத்த நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் ஏறத்தாழ 2 விழுக்காடே எனினும், போக்குவரத்தில் சுமார் 40 விழுக்காட்டை அவையே தாங்குகின்றன. இத்தகைய சாலை ஒன்று பழுதுபட்டால் யாரைக் கேட்பது என்று வழிப்போக்கர் கேட்பது எளிது. விடை கூறுவது எளிதன்று.

1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி இச்சாலைகள் மத்திய அரசின் உடைமை. அவற்றை மேம்படுத்துவதும் பராமரிப்பதும் அதன் கடமை. ஆயினும் அக்கடமையை மாநில அரசின் வாயிலாக நிறைவேற்றவும் அச்சட்டமே இடமளிக்கின்றது. இதனால் பணம் டில்லியிலிருந்து வருகின்றது. வேலையை மாநிலப் பொறியாளர்கள் நடத்துகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பவரே மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் மண்டல அலுவலர். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்துக்கும் ஹைதராபாத்தில் இதே பெயருடைய பதவி ஒன்று உண்டு. எனவே, மனு எழுதுவோர் முதலில் அறிய வேண்டுவது, தம் ஊர்ச் சாலை யார் பொறுப்பில் உள்ளது என்பதே. இதை அறியாமல் அலைந்தவர்கள் பலர்.

அமைச்சகத்தின் மண்டல அலுவலர் மூத்த பொறியாளர். சாலை போடும் ஆட்படை எதுவும் அவர் கையில் இல்லை. மாநிலத்திலிருந்து வரும் மதிப்பீட்டைச் சரிபார்ப்பது, வரம்புக்கு உட்பட்டவற்றுக்கு ஒப்புதல் தந்து ஏனையவற்றை டில்லிக்குப் பரிந்துரைப்பது, நடைபெறும் வேலையை நேரில் சென்று ஆய்வது ஆகியவை அவர் பணிகள். கப்பியின் கனமும் தாரின் அளவும் குறிப்பேட்டில் உள்ளபடி சாலையிலும் இருக்கின்றனவா என்பதை மேசையிலிருந்து அறிய இயலாது. ஆகவே சுற்றுப்பயணம் செய்யாத அலுவலர் பாதி வேலையையே செய்தவர் ஆவார்.

பொதுமக்களை நேரடியாகத் தொடுவது நிலம் எடுக்கும் நடவடிக்கை. 1997-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவுகளின்படி, நிலத்தை எடுக்கும் எண்ணம் முதலில் அரசிதழில் அறிவிக்கப்படும். அதன் சாரம் இரு உள்ளூர்ச் செய்தித்தாள்களில் வெளிவரும். அவற்றுள் ஒன்று வட்டார மொழியில் இருத்தல் வேண்டும். 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பின்னர் வெளியாகும் இரண்டாம் அறிவிப்போடு நிலம் மத்திய அரசைச் சேர்ந்துவிடுகின்றது. ஓராண்டுக்குள் அது வெளிவராவிடில் முதல் அறிவிப்பு செயலற்றுப் போகும். வழங்க வேண்டிய இழப்பீட்டுத் தொகையைச் செலுத்திய பிறகே நிலத்தைக் கையகப்படுத்த முடியும்.

இழப்பீட்டைக் கணிப்பவர் இதற்கென நியமிக்கப்படும் தனி அதிகாரி. அவர் பெரும்பாலும் வருவாய்த் துறையைச் சேர்ந்தவர். ஆயினும் எல்லைக்கல் நட்ட பிறகு சாலையின் போக்கு மாறினாலும், பணம் வரத் தாமதித்தாலும், துன்பப்படுபவர் உழவரே. அறிவிப்பில் சர்வே எண் வந்துவிட்ட வயலை வாங்குவார் இல்லை. அதில் கிணறு வெட்டவும் மனம் துணியாது. 2013-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் 2015 முதல் இவ்வகை நிலங்களுக்கும் பொருந்துகின்றன. அதற்கு முன் எடுக்கப்பட்ட நிலங்களுக்கும் ஆறுதல் தொகையும் வட்டியும் மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்காக நிலம் இழந்தோர் காத்திருந்த ஆண்டுகள் சிறிதல்ல.

இனி உயிர்ச்சேதம். ஹைதராபாத்–விஜயவாடா சாலையில் சௌட்டுப்பல், சூரியாப்பேட்டை போன்ற ஊர்களை ஒட்டி நாள்தோறும் மக்கள் சாலையைக் கடக்கின்றனர். நான்கு வழிச் சாலை அமைந்தபின் வண்டிகளின் வேகம் கூடியது. கடப்பவரின் கால் வேகம் கூடவில்லை. சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்றாண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள் நிகழ்ந்தால் அப்பகுதி 'கரும்புள்ளி' எனக் கொள்ளப்படுகின்றது. அதாவது, கணக்கில் சேருவதற்கே பலர் அடிபட வேண்டியுள்ளது! கூரிய பார்வையுடைய அலுவலர் வரைபடத்தைப் பார்க்கும்போதே பள்ளிக்கூடம் எப்பக்கம், பேருந்து நிறுத்தம் எப்பக்கம் என்று கேட்டுவிடுவார். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பாதுகாப்புத் தரங்களைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேரின் பொறுப்பான அமைப்பு, ஒப்பந்தக்காரர், ஆலோசகர் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்துள்ளது. ஓர் உயிருக்கு முன் அத்தொகை மிகச் சிறிது.

சாலையை அகலப்படுத்துவதே எப்போதும் விடையாகிவிடாது. ஹைதராபாத்துக்கு மேற்கே, மொயினாபாத், செவெள்ளா வழியாகச் செல்லும் 163-ஆம் எண் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் சுமார் 900 ஆலமரங்கள் நிற்கின்றன. அகலப்படுத்தும் திட்டத்தால் அவை வெட்டுண்ணும் நிலை வந்தபோது, மரங்களைக் காக்க விரும்பியோர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகினர். அங்குள்ள குறுகிய சாலையில் விபத்துகள் நேர்வதைச் சுட்டி, பணியை விரைவில் முடிக்கக் கோரியவர்களும் உண்டு. இரு சாராரும் கூறியதில் நியாயம் இருந்தது. வழக்கு நீண்டது, மரங்களில் பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே நிற்குமாறு பின்னர் திட்டம் மாற்றி வரையப்பட்டது. மரங்களை எண்ணும் வேலை முதல் வரைபடம் தயாரான நாளிலேயே நடந்திருக்கக் கூடியதே.