பல் கிளினிக்கில் வேலையா? கழுத்தைக் கவனியுங்கள்!

பல் கிளினிக்கில் வேலை செய்பவர்களுக்குக் கழுத்துவலி வர ஒரு முக்கியக் காரணம், நோயாளியின் நாற்காலியைச் சரிசெய்யாமல் தாங்கள் வளைவதுதான். மேல்தாடைப் பற்களுக்கு நாற்காலியை நன்றாகச் சாய்த்து, "முகவாயைக் கொஞ்சம் மேலே தூக்குங்க" என்று சொல்லுங்கள். கீழ்த்தாடைக்கு நாற்காலியின் முதுகைச் சற்று உயர்த்தி, முகவாயை இறக்கச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. வாய் உங்கள் முழங்கை உயரத்துக்கு வரட்டும். உங்கள் தலை 20 டிகிரிக்கு மேல் குனிய வேண்டாம்.

உதவியாளரின் ஸ்டூல் டாக்டருடையதைவிட 10 முதல் 15 செ.மீ. உயரமாக, கால் வைக்க வளையத்தோடு இருக்க வேண்டும். பல இடங்களில் மிஞ்சிய ஸ்டூலைத்தான் அவருக்குக் கொடுக்கிறார்கள். இது நியாயமே இல்லை.

ஸ்கேலிங் கருவி மழுங்கினால் விரல்கள் தாமாக இறுகும்; அடிக்கடி தீட்டுங்கள். கைப்பிடி 10 மி.மீ. தடிமன், 15 கிராமுக்குள் எடை என்று பார்த்து வாங்குங்கள். இறுக்கமான கையுறையும் கைவலி தரும். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வாங்குவோர், நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கும் நோயாளியின் வாய்க்கும் உள்ள தூரத்தை அளந்து கொடுத்த பிறகே ஆர்டர் செய்யுங்கள்.

விரல்கள் அடிக்கடி மரத்துப்போனால் வலி மாத்திரையோடு நிறுத்தாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.